மெலோடி + ராமா = ஐந்தெழுத்து

போன வாரம் ஆபீசில் ஆணி கொஞ்சம் கம்மி. அது எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ தெரியலை, குறுக்கெழுத்துப் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருத்தர் சரியா அன்னிக்குப் பார்த்து ஒரு குறிப்பைத் தட்டி விட்டார். ஆங்கிலக் குறிப்பு. தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

"கலைந்து போன மாடலுக்குப் பக்கத்தில் ராமன் நின்றால் அழுகாச்சி நாடகம் (9)"

குறுக்கெழுத்துப் பழக்கம் இல்லாதவங்களுக்காக ரெண்டு வரி. இதில் ரெண்டு ரகம் உண்டு. 'கேரளத்தின் தலைநகர்' என்று கேட்டுவிட்டு நேராகப் பதிலை எதிர்பார்ப்பது ஒரு ரகம். பொது அறிவு இருந்தால் போதும். இன்னொன்று க்ரிப்டிக். அதில் வாக்கியத்தின் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும். மீதி வார்த்தைகள் விடையை எப்படிக் கட்டுவது என்பதற்கான செய்முறை. 'கலைந்த', 'குழம்பிய', 'உடைந்த' மாதிரி ஏதாவது வந்தால் எழுத்துக்களைக் குலுக்கிப் போடச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். முழு வாக்கியத்தைப் படித்ததும் மனசில் ஒரு படம் வருமே, அதை நம்பினால் போச்சு. இங்கே ராமன் என்றதும் மனசு ராமலீலா பக்கம் ஓடும். ஓடணும் என்பதுதான் புதிர் போட்டவரின் ஆசை.

ஆங்கிலத்தில் மாடல் என்பதற்கு எம், ஓ, டி, இ, எல் என்று ஐந்து எழுத்து. குலுக்கினால் எம், இ, எல், ஓ, டி. பக்கத்தில் ராமனின் நாலு எழுத்தை, ஆர், ஏ, எம், ஏ, அப்படியே ஒட்டுங்க. மெலோடிராமா! ஒன்பது எழுத்து. ராமர் ஓர் இம்மிகூட நகரவில்லை. மாடல்தான் கலைந்து போச்சு :)

தமிழில் இது இன்னும் அழகாக விழுகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. மெலடியைக் கொஞ்சம் இழுத்து 'மெலோடி' என்று சொல்லிப் பாருங்க. அதுக்குப் பின்னாடி 'ராமா' என்று கூப்பிடுங்க. ஐந்தே எழுத்து, எதையும் குலுக்க வேண்டாம். "மெல்லிசைக்குப் பின் ராமனை அழைத்தால் மிகை நாடகம் (5)" என்று நம்ம ஊர்ப் புதிராகவே போட்டுவிடலாம்.

இந்தத் தமிழ்ப் பிரிப்பு வெறும் தற்செயல்னு தள்ளிவிட முடியாது. மெலடியும் மெலோடிராமாவும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். ரெண்டுக்கும் வேர், பாட்டு என்ற பொருள் கொண்ட 'மெலோஸ்' என்னும் கிரேக்கச் சொல். பாட்டு + நாடகம் = மெலோடிராமா. பெயரில் பாட்டு இருக்கு, நாடகம் இருக்கு. அழுகாச்சி எங்கேயுமே இல்லை! பின்னே அது எப்ப வந்து ஒட்டிக்கிச்சு? இந்தப் பதிவே அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

*

முதலில் பாரிஸ். 1680இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆணையில் கொமெடி ஃப்ரான்சேஸ் என்ற நாடகக் கம்பெனி உருவாகிறது. பாரிஸ் நகரில் பிரெஞ்சு மொழியில் வசனம் பேசி நாடகம் போடும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். பாட்டும் இசையும் ஓபரா கம்பெனியின் தனிச் சொத்து. அப்போ மற்றவங்க? சந்தைகளில் கொட்டகை போட்டுக் கழைக்கூத்து, பொம்மலாட்டம், கோமாளி வித்தை காட்டிப் பிழைத்த கூட்டம் ஒன்று இருந்தது. அவங்களுக்குப் பேசவும் உரிமை இல்லை, பாடவும் உரிமை இல்லை.

நம்ம ஊர் ஆளா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? அதையேதான் அவங்களும் பண்ணினாங்க. உரையாடல் கூடாது என்று தடை வந்ததா? சரி, ஒருத்தர் மட்டும் பேசுவார், எதிரில் இருப்பவர் கையாலும் கண்ணாலும் பதில் சொல்வார். உரையாடலே இல்லையே, எசமான்! அதுக்கும் தடை வந்தது. 1710 வாக்கில் இன்னொரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். நடிகர் வாயே திறக்க மாட்டார். அவர் பாட வேண்டிய வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதிய பலகை மேலேயிருந்து இறங்கும். மன்மதக் குட்டி வேஷம் போட்ட ரெண்டு பையன்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அதை விரித்துக் காட்டுவார்கள். மெட்டு ஊருக்கே தெரிந்த மெட்டு. பார்க்க வந்த கூட்டம் பலகையைப் பார்த்துப் பாடும். எடுத்துக்கொடுக்க நாடகக்காரர்களே ரெண்டு மூணு ஆட்களைக் கூட்டத்துக்குள் உட்கார வைத்திருப்பார்கள்.

யோசிச்சுப் பாருங்க. மேடையில் நடிகர் ஊமையாக நிற்கிறார். கொட்டகையே அவருக்காகப் பாடுகிறது. சட்டப்படி நடிகர்மேல் குற்றம் எதுவும் இல்லை. பாடினதுக்காக ஊரையே பிடித்து உள்ளே போட முடியுமா?

இந்தச் சந்தைக் கொட்டகைகள் பின்னால் பாரிசில் 'புல்வார் து தாம்ப்ள்' என்ற அகலமான சாலைக்குக் குடிபோயின. அந்தச் சாலையை உங்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீங்க. 1838இல் தாகேர் எடுத்த பிரபலமான புகைப்படம் இருக்கே, தெருவே காலியாகக் கிடக்கும், ஓர் ஓரத்தில் ஒருத்தர் பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நிற்பார். மனித உருவம் தெரிகிற மிகப் பழைய புகைப்படம் என்று சொல்வார்களே, அந்தத் தெருதான் இது. மேடையில் தினம் ஒரு கொலை, கொள்ளை, கடத்தல் என்று நடந்ததால் ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர், குற்றச் சாலை. 1862இல் பாரிஸைத் திருத்திக் கட்டியபோது அந்தக் கொட்டகைகளில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள்.

*

மெலோடிராமா என்ற பேர் ரூசோ வழியாக வருகிறது. ஆமாம், சமுதாய ஒப்பந்தம் எழுதிய அதே ரூசோதான். அவருடைய 'பிக்மாலியன்' 1770இல் லியோன் நகரில் மேடையேறியது. தான் செதுக்கிய சிலையின் மேல் தானே காதல் கொள்ளும் சிற்பியின் கதை. அதில் ஒரு புதுமை: நடிகர் பேசுவார், நிறுத்துவார். உடனே இசை வந்து அவர் மனசில் ஓடுவதைச் சொல்லும். இசை நின்றதும் திரும்பவும் பேச்சு. ஓபரா மாதிரி வசனத்தையே பாட்டாக்காமல், பேச்சும் இசையும் மாறி மாறி வரும் வடிவம்.

அப்புறம் புரட்சி. 1791 ஜனவரியில் பழைய தனியுரிமைகளை ஒழித்து ஒரு சட்டம் வந்தது. யார் வேண்டுமானாலும் கொட்டகை திறக்கலாம், எதை வேண்டுமானாலும் போடலாம். கூட்டம் அலைமோதியது. அதுவரை மன்னர் கம்பெனியின் நாடகத்துக்கு ஒதுங்கிக்கூடப் பார்க்காத தச்சனும் சலவைக்காரியும் சோல்ஜரும் காசு கொடுத்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு என்னத்தைக் காட்டுவது?

இங்கேதான் பிக்ஸெரேகூர் வருகிறார் (1773 - 1844). மெலோடிராமாவின் தந்தை என்று புத்தகங்கள் சொல்வது இவரைத்தான். படிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன் என்று இவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 1800இல் இவருடைய 'கோலினா' மேடையேறியது. பாரிசிலும் வெளியூர்களிலுமாக ஆயிரம் தடவைக்கு மேல் ஓடிய நாடகம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்றேன், எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தால் நான் பொறுப்பில்லை. கோலினா தாய் தகப்பன் இல்லாத பெண், சித்தப்பா வீட்டில் வளர்கிறாள், சொத்து உண்டு. சித்தப்பா மகனுக்கும் அவளுக்கும் காதல். சொத்துக்காக அவளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க இன்னொரு உறவினன் துடிக்கிறான், அவன்தான் வில்லன். அந்த வீட்டில் அடைக்கலம் கேட்டு வந்த ஊமை ஏழை ஒருவன் இருக்கிறான். அவன் ஏன் ஊமை? வருஷங்களுக்கு முன்னால் அந்த வில்லன் தாக்கியதில் பேச்சு போனவன். கடைசியில் தெரிகிறது, அந்த ஊமைதான் கோலினாவைப் பெற்ற அப்பா. நடுவில் ரெண்டு பேரையும் வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள். கடைசி அங்கத்தில் மலை, இடி, மின்னல், தப்பியோடும் வில்லன், சுபம்.

சிரிக்காதீங்க. அந்த ஊமையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. கதையில் உண்மை முழுதும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆனால் அவனால் பேச முடியாது. கையை ஆட்டுகிறான், காகிதத்தில் எழுதிக் காட்டுகிறான். மீதியை இசைக்குழு சொல்கிறது. அவன் பயந்தால் ஒரு மெட்டு, தவித்தால் இன்னொரு மெட்டு. நூறு வருஷமாகப் பேச்சு மறுக்கப்பட்ட ஒரு மேடை, பேச உரிமை கிடைத்த ஒன்பதாவது வருஷத்தில் தன் பெரிய வெற்றி நாடகத்தின் நடுவே ஓர் ஊமையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவனுடைய நாக்கைப் பறித்தவனும் ஓர் அதிகாரமுள்ள ஆள்!

இதைப் பிக்ஸெரேகூர் திட்டம் போட்டுத்தான் செய்தாரா என்பது வேற விஷயம். அந்தக் கொட்டகைகளில் ஊமைக் கூத்தில் பழகிய நடிகர்கள் இருந்தார்கள், கைவசம் இருந்த சரக்கை அவர் பயன்படுத்தினார் என்றும் சொல்லலாம். எப்படியானாலும் அடிப்படை ஒன்றுதான். கையை விரித்து, கண்ணை உருட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடிக்கும் அந்த 'மிகை', வாயைக் கட்டிப் போட்டதால் உடம்பு கற்றுக்கொண்ட மொழி. பீட்டர் புரூக்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1976இல் மெலோடிராமா பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இந்த வடிவத்தில் ஊமைத்தனத்துக்கு எத்தனை பெரிய இடம் என்பதை அதில் விரிவாகவே பேசுகிறார். அதுக்கப்புறம்தான் பல்கலைக்கழகங்களில் இந்தச் சொல்லை மூக்கைப் பிடிக்காமல் உச்சரிக்க ஆரம்பித்தார்கள்.

*

பாரிஸில் சுதந்திரம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1807இல் நெப்போலியன் நகரின் நாடக அரங்குகளை எட்டாகக் குறைத்தார். பெரியது நாலு, சின்னது நாலு. சின்னதில் ரெண்டுக்கு மெலோடிராமா என்று ஒதுக்கீடு. கழித்துவிடாமல் சட்டத்திலேயே பேர் சொல்லி இடம் கொடுத்தார் என்றால் மக்களிடம் அதுக்கு எவ்வளவு பிடி இருந்திருக்கணும், பார்த்துக்கோங்க.

இந்த இடத்தில் ஒரு நாய்க்கதை. 1814இல் பிக்ஸெரேகூர் போட்ட ஒரு நாடகத்தில், எசமானைக் கொன்றவனை அவருடைய நாய் காட்டிக்கொடுக்கும். மேடையில் நிஜ நாய். ஐரோப்பா முழுக்கச் சுற்றியது. ஜெர்மனியில் வைமர் அரங்கின் இயக்குனராக அப்போ இருந்தவர் சாட்சாத் கதே. மேடையில் நாயா, நடக்காது என்று அவர் நின்றார். வைமர் கோமகனுக்கோ நாய் என்றால் உயிர். 1817இல் நாய் மேடையேறியது, கதே பதவியிலிருந்து இறங்கினார். உலக இலக்கிய மேதைக்கும் ஒரு பூடில் நாய்க்கும் நடந்த போட்டியில் ஜெயித்தது யார் என்று தனியா சொல்லணுமா? தேவர் பிலிம்ஸ் ரசிகர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம் :)

*

இப்போ இங்கிலாந்து. அங்கேயும் இதே கதை, ஆனால் சட்டம் இன்னும் இறுக்கம். 1660இல் இரண்டாம் சார்லஸ், கில்லிகுரூ, டேவனன்ட் என்ற ரெண்டு பேருக்கு மட்டும் லண்டனில் நாடகம் போடும் உரிமையைக் கொடுத்தார். ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் என்ற ரெண்டு அரங்குகளும் அந்த வழி வந்தவை. 1737இல் பிரதமர் வால்போல் தன்னை மேடையில் கிண்டல் அடிப்பது தாங்காமல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். எந்த நாடகமானாலும் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரி முன்கூட்டியே படித்து அனுமதி கொடுக்கணும். வசன நாடகம் உரிமை பெற்ற அரங்குகளில் மட்டும்தான். வால்போலை நையாண்டி செய்தவர்களில் முக்கியமானவரான ஹென்றி ஃபீல்டிங் நாடகத்தை விட்டார், சட்டம் படித்தார், நாவல் எழுதினார். ஆங்கில நாவலுக்கு லாபம், நாடகத்துக்கு நஷ்டம்.

மற்ற அரங்குகள் என்ன பண்ணின? பாட்டும் இசையும் ஆட்டமும் மட்டும். டெல்பினி என்ற கோமாளி நடிகர் ஊமைக் கூத்தின் நடுவே, வறுத்த மாட்டிறைச்சி என்று ரெண்டே வார்த்தையை உரக்கச் சொன்னதுக்காகச் சிறைக்குப் போனார் என்று ஒரு கதை சொல்வார்கள். அப்புறம் 'பர்லெட்டா' என்று ஒரு பேரைக் கண்டுபிடித்தார்கள். அங்கத்துக்கு இத்தனை பாட்டு இருந்தால் அது பர்லெட்டா, வசன நாடகம் இல்லை, ஆகவே சட்டம் தொடாது. எந்த நாடகத்துக்கும் நாலு பாட்டும் பின்னணி இசையும் சேர்த்தால் கொட்டகை பிழைத்துவிடும்!

1809இல் எல்லிஸ்டன் என்ற நடிகர் உரிமை இல்லாத ராயல் சர்க்கஸ் அரங்கில் ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தையே போட்டார். எப்படி? இசை, ஊமைக் கூத்து, எழுதிக் காட்டும் பதாகை. ஷேக்ஸ்பியர் பிறந்த நாட்டில் ஷேக்ஸ்பியரின் வசனத்தைப் பேசச் சட்டம் இல்லை. அதுக்குத்தான் இத்தனை சுற்று.

'மெலோடிராமா' என்ற முத்திரையோடு லண்டனில் முதலில் வந்தது 1802இல். பிக்ஸெரேகூரின் அதே கோலினாவைத்தான் தாமஸ் ஹோல்க்ராஃப்ட் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அவர் யார் என்பது சுவாரசியம். 1794இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி உள்ளே வைக்கப்பட்டு, விசாரணை இல்லாமலே விடுவிக்கப்பட்டவர். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அனுபவத்தில் தெரிந்த மனுஷன், பேச முடியாத ஒருத்தனின் கதையை எடுத்துக்கொண்டு வந்தார். போட்ட இடம் உரிமை பெற்ற கோவென்ட் கார்டன். ஏழைக் கொட்டகையின் சரக்கைப் பணக்காரக் கொட்டகை முதலில் கடன் வாங்கிக்கொண்டது!

அதன் பிறகு தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே இருந்த கொட்டகைகள் இதைக் கையில் எடுத்தன. 1829இல் சர்ரே அரங்கில் டக்ளஸ் ஜெரால்ட் எழுதிய 'கறுப்புக் கண் சூசன்' ஓடோ ஓடு என்று ஓடியது. தன் மனைவியிடம் தப்பாக நடக்கப் பார்த்தவனை ஒரு சாதாரண மாலுமி அடித்துவிடுகிறான். அடிபட்டவன் அவனுடைய கப்பல் கேப்டன். தண்டனை தூக்கு. நியாயம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். கடைசி நிமிஷத்தில் ஒரு காகிதம் வருகிறது. அடிப்பதற்கு முன்னாடியே அவனைக் கடற்படையிலிருந்து விடுவித்தாகிவிட்டது, ஆகவே அவன் அடித்தது தன் மேலதிகாரியை இல்லை. கடைசி நிமிஷக் காகிதத்தைப் பார்த்து நாம சிரிக்கிறோம். ஆனால் கடற்படையில் சவுக்கடியும் தூக்கும் நிஜமாகவே இருந்த காலத்தில், கேப்டனை அடித்த மாலுமியை நாயகன் ஆக்கி, அரங்கு நிறைய மாலுமிகளும் கூலிகளும் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள். எழுதிய ஜெரால்டும் சின்ன வயதில் கடற்படையில் இருந்தவர்தான்.

1843இல் புதிய சட்டம் வந்து அந்தத் தனியுரிமையை ஒழித்தது. அன்றிலிருந்து எல்லா அரங்கிலும் வசனம் பேசலாம். லார்ட் சேம்பர்லினின் தணிக்கை மட்டும் 1968 வரை இருந்தது. பேச்சு திரும்பி வந்தபிறகும் பாட்டும் கண்ணீரும் போகவில்லை, அவை மக்களுக்குப் பிடித்துப் போயிருந்தன. பெரிய அரங்கின் ரசிகர்களுக்குத்தான் அது தாங்கவில்லை. கீழ்த்தட்டுக் கூட்டத்தின் ரசனை என்ற பொருளில் மெலோடிராமா கொஞ்சம் கொஞ்சமாக வசவுச் சொல் ஆனது. பாட்டு நாடகம் 'அழுகாச்சி நாடகம்' ஆன கதை இதுதான்.

*

அமெரிக்கா பக்கம் ஒரே எட்டு. 1867இல் நியூயார்க்கில் அகஸ்டின் டேலியின் 'அண்டர் தி கேஸ்லைட்'. தண்டவாளத்தில் ஆளைக் கட்டிப்போட்டு ரயில் வரும் காட்சியைப் பிரபலமாக்கிய நாடகம். கட்டப்பட்டது கதாநாயகின்னுதானே நினைச்சீங்க? இல்லை, ஆம்பளை! பக்கத்துக் கொட்டடியில் அடைபட்டிருக்கும் கதாநாயகி கோடரியால் கதவை உடைத்துக்கொண்டு வந்து அவனைக் காப்பாற்றுகிறாள். பின்னால் வந்தவங்கதான் ஆளை மாத்திட்டாங்க.

பிறகு மௌனப்படம். வாய் அசையும், சத்தம் வராது. பக்கத்தில் பியானோ. நடுநடுவே எழுத்துப் பலகை. 1710இல் மன்மதக் குட்டிகள் விரித்த அதே பலகைதான்! பேச்சு இல்லாமல் கதை சொல்லணும் என்று வந்தபோது, அதில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பயிற்சி எடுத்த வடிவம் தயாராக நின்றது. கிரிஃபித் 1921இல் எடுத்த 'ஆர்ஃபன்ஸ் ஆஃப் தி ஸ்டார்ம்' 1874இல் வந்த ஒரு பிரெஞ்சு மெலோடிராமாவைத் தழுவியது. அங்கிருந்து உலகத்து சினிமா எல்லாவற்றுக்கும் இந்த ரத்தம் கொஞ்சம் போயிருக்கு.

*

நம்ம ஊரில் நாடகத்துக்குப் பாட்டு வெளியிலிருந்து வரவில்லை. கூத்தே பாட்டுதான். அதனால் பிக்ஸெரேகூரைக் கொண்டுவந்து சங்கரதாஸ் சுவாமிகளுக்கு முன்னோர் ஆக்கும் வேலையை நான் செய்யப் போறதில்லை. ஆனால் அடைத்த பேச்சு பாட்டு வழியாக வெளியே வரும் என்ற விஷயம் இருக்கே, அது இங்கேயும் நடந்தது.

1876இல் பிரிட்டிஷ் அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டுவந்தது. கல்கத்தாவில் மேடையேறிய அரசியல் நாடகங்கள் வெள்ளைக்காரர்களைச் சுட்டதன் விளைவு. ராஜத்துரோகம் என்றோ அவதூறு என்றோ தோன்றினால் நாடகத்தைத் தடை செய்யலாம். தமிழ் மேடையில் விஸ்வநாத தாஸ் (1886 - 1940) என்ன பண்ணினார்? வள்ளி திருமணம் போட்டார். அதில் வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுவதும் முருகன் வருவதும் ஆயிரம் வருஷத்துக் கதை, யாரால் தடுக்க முடியும்? பயிரைத் தின்ன வந்த கொக்கைப் பற்றி ஒரு பாட்டு. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது. கொக்கு எந்த நிறம்? வெள்ளை. கூட்டத்துக்குப் புரிந்தது, போலீசுக்கும் புரிந்தது. திரும்பத் திரும்பச் சிறை. வெளியே வந்ததும் மறுபடி முருகன் வேஷம். 1940ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் சென்னையில், முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் போனது.

சுதந்திரம் வந்தபிறகாவது சரியாச்சா? எம்.ஆர். ராதா ராமாயணத்தைத் தலைகீழாக்கி நாடகம் போட்டு ஊரே ரெண்டுபட்ட 1954இல் சென்னை மாநில அரசு தனியாக ஒரு நாடகச் சட்டம் போட்டது. நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்கணும். நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. 1954க்கும் 2013க்கும் நடுவில் ஐம்பத்தொன்பது வருஷம். லண்டன் 1968இல் விட்டதை நாம 2013 வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருந்தோம்.

*

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி முழக்குறேன்னு கேட்பீங்க. எங்கம்மா நாலாவது வரை படித்தவங்க. பாசமலரை எத்தனை தடவை பார்த்தாங்கன்னு அவங்களுக்கே கணக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் அழுவாங்க. நானும் என் தம்பியும் காலேஜ் போக ஆரம்பித்த புதுசில் பின்னாடி உட்கார்ந்து, "ஆரம்பிச்சிட்டாங்கடா"ன்னு கண் காட்டிக்கொள்வோம். அப்புறம் விமர்சனம் எழுதுகிற வயசு வந்ததும் அதுக்கு ஒரு ஆங்கிலச் சொல் கிடைத்தது. சொல் கிடைத்தால் போதும், கிண்டல் ரசனை ஆகிவிடும்.

அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன், தெரிந்த கதைக்கு ஏம்மா அழறேன்னு. "எனக்காக எங்கடா அழ விட்டீங்க, அவளுக்காகவாவது அழுதுக்கறேன்"னு சொன்னாங்க. மாமியார் வீட்டில் பதினெட்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்த மனுஷி. அந்த இருட்டுக் கொட்டகையில் சாவித்திரி அழும்போதுதான் அவங்களுக்கும் பேச இடம் கிடைச்சிருக்கு. மேடையில் வாயைக் கட்டியவனுக்காகக் கூட்டமே பாடியது பாரிஸில். இங்கே வாயைக் கட்டிக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்தவளுக்காகத் திரை அழுதது.

அதுக்காக அழுவதெல்லாம் காவியம்னு நான் கொடி பிடிக்கலை. இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு டிவியைப் போட்டால் மூணு கேமரா மூணு தடவை மருமகள் முகத்துக்குப் பாய்கிறது, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு 'டொய்ங்'. அவங்க வாயை எந்தச் சட்டமும் கட்டவில்லை, எந்தப் போலீசும் பிரதி கேட்கவில்லை. எல்லாம் பேசலாம் என்ற வசதி இருக்கும்போது ஒண்ணுமே பேசாமல் இசையைப் போட்டு நிரப்புவது சோம்பேறித்தனம். பேச முடியாதவனின் சைகையையும் பேச எதுவும் இல்லாதவனின் சைகையையும் ஒரே சொல்லால் திட்டினால் முதலாமவனுக்கு அநியாயம். என் கட்சி அவ்வளவுதான்.

உங்க வீட்டில் கம்பெனி நாடகம் பார்த்த பெரியவங்க யாராவது இருந்தால், உட்கார்த்தி வைத்துக் கேளுங்க. எந்தப் பாட்டுக்குக் கொட்டகை எழுந்து நின்றது, எந்தக் காட்சிக்குப் போலீஸ் வந்தது, யாருக்காக அழுதாங்க. கேட்டதை எழுதி வையுங்க. எழுதாமல் விட்டால் அவங்களோட போயிடும்.

டிஸ்கி: அடுத்து ஆணி கம்மியாகும் நாளில் 'வாட்வில்' என்ற சொல்லைப் பிடிச்சு உலுக்கலாம்னு இருக்கேன். பலகையைப் பார்த்துப் பாரிஸ் கூட்டம் பாடிய மெட்டுக்களுக்கு அந்தப் பேர்தான். ஆங்கிலத்தில் பத்தெழுத்து. அதுக்குள்ளே இந்தத் தடவை எந்தச் சாமி ஒளிஞ்சிருக்குன்னு நீங்களே தேடுங்க :)